நீ சொன்ன அனீஸா

மகளிர் விடுதி, தஞ்சாவூர்
5 ஆகஸ்ட் 2025

கவிப்ரியாவுக்கு,

"அன்புள்ள" என்று தொடங்கக் கை வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன். வாட்ஸப்பில் உன்னை பிளாக் செய்தது இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நம் தோழமை உதவித்தொகைத் திட்டத்துக்கு விதி என்று ஒன்று இருக்கிறதே! உதவித்தொகை வாங்கும் இணைகள் மாதத்துக்கு ஒரு கடிதமாவது கைப்பட எழுதித் தபாலில் போட வேண்டுமாம். ஒருவரையொருவர் ஆழமாக அறிந்துகொள்வதற்காம். நீ என்னை அறிந்துகொண்ட ஆழத்தைச் சனிக்கிழமை மேடையில் பார்த்துவிட்டேன்.

ஆய்வு, தலைமைத்துவம் என்று இரண்டு பெரிய வார்த்தைகளைப் பெயரில் வைத்திருக்கும் இந்தத் தோழமையில் எனக்குப் பிடித்திருந்தது ஒன்றே ஒன்றுதான். புதிதாகச் சேர்ந்தவர் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளக் கூடாது, அவருடைய இணைதான் செய்ய வேண்டும் என்ற வழக்கம். தற்பெருமை பேசத் தெரியாத எனக்கு அது வசதியாகப் பட்டது. அதற்காகவே ஜூன் மாதத்திலிருந்து உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். அதிராம்பட்டினத்தில் எங்கள் வீடு, ஷார்ஜாவில் வாப்பாவின் கடை, இங்கே நான் படிக்கும் பொருளாதாரம், செய்யப்போகும் ஆய்வு, எல்லாம். வாப்பா என் பெயரில் ஒரு வீடு கட்டுகிறார், இன்னும் பூச்சு வேலை முடியவில்லை என்றும் எழுதினேன். பெருமையாகத்தான் எழுதினேன்.

அதை நீ மேடையில் என்னவாக்கினாய்? "கல்யாணச் சந்தைக்காக ஒரு வீட்டைக் கட்டி, அதற்குள் அடைக்கக் காத்திருக்கிறது குடும்பம். அந்த நான்கு சுவரிலிருந்து தப்பித்து இதோ இந்த மேடைக்கு வந்திருக்கிறாள் அனீஸா!"

தப்பித்தேனா? எங்கிருந்து? நான் விடுதியில் சேரப் புறப்பட்ட அன்று உம்மா பட்டுக்கோட்டை வரை கூடவே வந்து, தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்து, வறுத்த இறால் டப்பாவை மடியில் வைத்துவிட்டுத்தான் இறங்கினார். இறால் டப்பாவோடு தப்பித்தவர்களை நீ வேறெங்காவது பார்த்திருக்கிறாயா?

கீழே எல்லாரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சிரிக்கிற மாதிரி நின்றேன், வேறென்ன செய்ய? நேற்று அதை யூடியூபில் ஏற்றிவிட்டார்கள். தலைப்பு, "வீட்டுச் சிறையிலிருந்து ஆய்வு மேடைக்கு". என் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பிக்கதவு படம். அதை முதலில் பார்த்து எனக்கு அனுப்பியவள் என் அக்கா நிலோஃபர். கூட ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அவள் எழுதாமல் இருந்தால் அவ்வளவு கோபம் என்று அர்த்தம்.

சமாதானம் வேண்டாம். ஏன் அப்படிச் சொன்னாய் என்பதை மட்டும் எழுது.

அனீஸா


மல்லிப்பட்டினம்
11 ஆகஸ்ட் 2025

அனீஸா,

உன் கடிதத்தைக் கல்லூரி பஸ்ஸில் வைத்துப் படித்தேன். பேராவூரணி வருவதற்குள் காது சூடாகிவிட்டது. உனக்கு மட்டும்தான் கோபம் வருமா? முதலில் உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், பிறகு என் கேள்விக்கு நீ சொல்.

எங்கள் பக்கம் ஒரு பெண்ணின் பெயரில் வீடு கட்டுகிறார்கள் என்றால் ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளை வீட்டார் கேட்டுவிட்டார்கள், பேச்சு முடிந்துவிட்டது, அவள் படிப்பு அவ்வளவுதான். என்னோடு படித்த மீனாவுக்கு அப்படித்தான் நடந்தது. எங்கள் தெருவில் ஒரு தளம் போட்ட வீடு எழும்ப எழும்ப, அவள் கல்லூரிக்கு வருவது குறைந்துகொண்டே போனது. வீடு முடிந்தது, இவள் படிப்பும் முடிந்தது. நீ "என் பெயரில் வீடு" என்று எழுதியதும் எனக்கு மீனாதான் கண்ணில் நின்றாள். நீ பெருமைப்படுகிறாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அது என் தப்பு.

ஆனால் அந்தச் சந்தையும் நான்கு சுவரும் தப்பித்ததும் என் வார்த்தைகள் இல்லை. நான் எழுதிக் கொடுத்ததை நம் ஒருங்கிணைப்பாளர் ஜெயபால் சார் வாங்கித் திருத்தி, டைப் செய்து, நான் மேடைப்படி ஏறும்போதுதான் கையில் கொடுத்தார். "கொஞ்சம் உயிர் குடுத்திருக்கேம்மா, அப்படியே வாசி" என்றார். வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஆட்கள் உச்சுக் கொட்டினார்கள், எனக்கும் குரல் தானாக ஏறியது. உண்மையைச் சொல்லிவிட்டேன், எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

இப்போது என் கேள்வி. நீ என்னைப் பற்றி என்ன சொன்னாய்? "இவர் கவிப்ரியா. கடலோரக் கிராமத்திலிருந்து வருகிறார். விலங்கியல் படிக்கிறார். நன்றி." மைக்கின் உயரத்தைச் சரிசெய்த நேரம்கூட நீ பேசவில்லை! நானும்தான் ஜூனிலிருந்து எழுதினேன். அப்பா செல்லத்துரை சொந்தமாக பைபர் படகு வைத்திருப்பது, அம்மா ஜெயா துறைமுகத்தில் மீன் ஏலம் விடுவது, வலையில் வந்துவிடும் சினை நண்டுகளைப் பற்றி நான் செய்யப்போகும் ஆய்வு. அதில் ஒன்றையாவது சொன்னாயா? "மீன்" என்ற ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்ததா? கடலோரக் கிராமமாம்! கடலோரத்தில் தென்னந்தோப்புக்காரர்களும்தான் இருக்கிறார்கள்.

அம்மா அன்றைக்கு ஏலத்தை இன்னொருவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். சித்தி கல்யாணத்துக்குப் பிறகு பெட்டியைவிட்டு எடுக்காத பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கைதட்டுவதற்கு இரண்டு கையையும் தூக்கி வைத்திருந்தாள், நான் பார்த்தேன். நீ நன்றி சொன்னதும் கை அப்படியே மடியில் இறங்கிவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள், "ஏண்டி, நம்மளப் பத்திச் சொல்ல அந்தப் புள்ளைக்கு ஒரு மாதிரியா இருந்துச்சோ?"

நான் என்ன பதில் சொல்வது? நீயே சொல். நான் உன்னைத் தப்பாகச் சொன்னேன். நீ என்னைச் சொல்லவே இல்லை.

கவிப்ரியா


மகளிர் விடுதி, தஞ்சாவூர்
18 ஆகஸ்ட் 2025

கவிப்ரியாவுக்கு,

ஜெயபால் சார் எனக்கும் ஒரு காகிதம் கொடுத்தார். "கஜா புயல் வாரிக்கொண்டு போன குடும்பத்தின் கடைசி நம்பிக்கை" என்று தொடங்கி, "தலையில் மீன்கூடை சுமக்கும் தாயின் கண்ணீர்" என்று போனது. கவிப்ரியாவுடைய அம்மா கூடை சுமப்பதில்லை சார், ஏலம் விடுகிறார் என்றேன். "ரெண்டும் மீன்தானேம்மா" என்றார். கஜாவில் படகு உடைந்தது, ஆனால் பழுது பார்த்து மறுபடியும் கடலுக்குப் போய்விட்டார்கள் என்றேன். "அத யாரும்மா கேக்கப்போறாங்க?" என்றார். வந்த ஆத்திரத்தில் காகிதத்தைக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டேன். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எதைச் சொன்னாலும் அது பரிதாபமாகத்தான் போய்ச் சேரும் என்று பயந்து, பெயர், ஊர், படிப்பு என்று நிறுத்திக்கொண்டேன். உன்னைக் காப்பாற்றிவிட்டதாகவே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா கேட்டதைப் படித்தபிறகு அந்த நினைப்பு ஓடிவிட்டது. மீன் என்று சொன்னால் கீழே இருப்பவர்கள் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று நானாக முடிவு கட்டினேன். அந்தப் பார்வை கொஞ்சம் எனக்குள்ளும் இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஏன் பயப்பட வேண்டும்? வெட்கமாக இருக்கிறது. உன் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன்னிடம் இப்போது கேட்பதாக இல்லை. நீ முதலில் என் வாப்பாவிடம் கேள்.

அந்த வீடியோ ஷார்ஜா வரை போய்விட்டது. கடைக்கு வருகிற எங்கள் ஊர்க்காரர்கள் போனை நீட்டி, "என்ன சேக் தாவூது, பொண்ணச் சிறை வச்சிருந்தியாமே?" என்று கேலி செய்திருக்கிறார்கள். வாப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். "நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா அந்தப் படம் ஓடுற வரைக்கும் நீ அங்க இருக்க வேணாம், ஊருக்குப் போயிடு" என்றார். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் வீட்டில் சாப்பிடுகிற மனிதர் அவர். மற்ற மாதமெல்லாம் யாருக்காக அங்கே கிடக்கிறார்?

நான் போய் சாரிடம் வீடியோவை எடுக்கச் சொன்னேன். "நாப்பதாயிரம் பேரு பாத்துட்டாங்கம்மா. நன்கொடை குடுக்கிறவங்களே போன் பண்ணிப் பாராட்டுறாங்க. இப்பப் போயி எடுக்கச் சொல்றியே" என்றார். அக்டோபர் கூட்டத்துக்கு நேரில் வந்து ஆய்வுத் திட்டத்தைச் சொல்லாவிட்டால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்பதையும் ஞாபகப்படுத்தினார். வீடியோ இருக்கும்வரை வாப்பா என்னை அனுப்ப மாட்டார். நான் போகாவிட்டால் உதவித்தொகை போய்விடும், அதோடு எம்.ஏ.வும் போய்விடும். இவ்வளவுதான் கணக்கு.

வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறேன். வீட்டுக்குள் அடைக்கக் காத்திருக்கிறார்கள் என்று மேடையில் சொன்னாயே, அப்போது அது பொய். நீ சொன்ன புண்ணியத்தில் இப்போது உண்மையாகிவிட்டது. சந்தோஷமா?

அனீஸா


மல்லிப்பட்டினம்
30 ஆகஸ்ட் 2025

அனீஸா,

சந்தோஷமா என்று கேட்டாயே, அந்த வார்த்தை இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை. அதிராம்பட்டினம் எங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? பஸ் ஏறிவிட்டேன். நீ நிலோஃபர் அக்காவோடு பட்டுக்கோட்டை போயிருந்தாய். உன் உம்மா சொல்லியிருப்பார், ஆனாலும் என் பக்கத்துக் கதையையும் கேள்.

கதவைத் திறந்தவரிடம் பெயரைச் சொன்னேன். உன் உம்மா ரஹ்மத் பீவி அவர்களின் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் கொடுத்தார், குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார், பிறகு "எம் புள்ளயச் சிறையில வச்சிருக்கேன்னு சொன்னது நீதானா? வா, சிறையக் காட்டுறேன்" என்று கையைப் பிடித்துப் பக்கத்து மனைக்கு இழுத்துக்கொண்டு போனார். சிமெண்டு மூட்டைகளைத் தாண்டித் தாண்டிப் போனோம். "இது ஜன்னலு. கம்பி இருக்கு, நல்லாப் பாத்துக்க. திருடன் வரக்கூடாதுன்னு போட்டது. இது மாடிப்படி. இந்தா, இந்தச் செவுத்துல அவ புஸ்தகம் வைக்க அலமாரிக்கு எடம் விட்டிருக்கு. அவ வாப்பா போன்லயே சொல்லிச் சொல்லி விட வச்சது." பூசாத சுவரை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார்.

அதோடு விட்டாரா? "நான் இருக்கிற வீடு எம் பேர்ல. அது எங்க உம்மா எனக்குக் குடுத்தது. எங்க ஊர்ல மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்கு வருவாரு. சண்ட வந்தா பையத் தூக்கிட்டு வெளிய போக வேண்டியது அவரு, நான் இல்ல. உங்க ஊர்ல எப்படி?" என்றார்.

எங்கள் ஊரில் பையைத் தூக்குவது எப்போதும் பெண்தான். மீனா இரண்டு தடவை அப்படி வந்து உட்கார்ந்து, ஆட்கள் சமாதானம் பேசித் திரும்பப் போனாள். அவள் பெயரில் வீடு என்று பேச்சுதான், பத்திரம் மாமனார் பெயரில். இது எதுவும் தெரியாமல் உன் வீட்டையும் அவள் வீட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, மேடையில் வேறு நின்று முழங்கியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட என்னத்துக்குக் கேக்குற? எங்க சொன்னியோ அங்க போயிச் சொல்லு" என்றார். பிறகு சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்கார வைத்துக் கோபமாகவே சோறு போட்டார். ஒருவர் கோபத்தில் இவ்வளவு குழம்பு ஊற்றி நான் பார்த்ததில்லை.

மறுநாள் தஞ்சாவூர் போய் ஜெயபால் சாரைப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "வாம்மா, உன்னத்தான் கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார். செப்டம்பர் பதினாலாம் தேதி ஆண்டு விழாவாம். நன்கொடையாளர்கள் எல்லாரும் வருகிறார்களாம். அன்றைக்கு உன்னைப் பற்றிய அறிமுகத்தை நான் அப்படியே மறுபடி சொல்ல வேண்டுமாம். அனீஸா ஊருக்குப் போய்விட்டாளே சார் என்றேன். "அது இன்னும் நல்லதும்மா. திரையில படத்தப் போட்டுட்டு, பாருங்க, மறுபடியும் அடைச்சிட்டாங்கன்னு சொன்னா சபையே கலங்கிடும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், அனீஸா! எனக்கு மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது.

விழாவுக்கு வருகிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கவிப்ரியா


அதிராம்பட்டினம்
5 செப்டம்பர் 2025

கவிப்ரியா,

வருகிறேன் என்று சொன்னாயா? உம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, மறுநாளே அந்த மனிதரிடம் போய் வருகிறேன் என்று சொன்னாயா? கடிதத்தைப் படித்துவிட்டுச் சுருட்டி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி மறுபடி படித்தேன். எனக்குப் புரியவில்லை.

உம்மா உன்னிடம் காட்டியதும் முழுக்கதை இல்லை. நீ இப்போது அந்தப் பக்கம் சாய்ந்து, எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் ராணிகள் என்று நினைக்க ஆரம்பித்திருப்பாய். பத்திரம் உம்மா பெயரில்தான். ஆனால் மாடியை வாடகைக்கு விடலாமா என்று முடிவு செய்தது என் மாமா மூஸா. கீழ்ப்பக்கச் சுவரை இடித்துக் கடையாக்கச் சொன்னதும் அவர்தான். உம்மா கையெழுத்துப் போட்டார். மகளுக்குக் கொடுக்க வீடில்லாதவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அந்தப் பெண்களுக்கு வரன் வருவதில்லை. வாப்பா அத்தனை வருடம் அங்கே கிடப்பதும் இந்த வீட்டுக்காகத்தான். எனக்கு அந்த வீட்டின்மேல் ஆசையும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. வீடு பெண் பெயரில் இருக்கும் ஊரில் முடிவு யார் கையில் இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் என் ஆய்வு. உனக்கு ஜூலையில் முழுதாக எழுதினேன்.

நீ மேடையில் அதைச் சொல்லவே இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. கேள்வி கேட்க வந்தவளை, யாரோ காப்பாற்றி இழுத்து வந்தவளாக நிறுத்திவிட்டீர்கள். என் வீட்டைப் பற்றி நான் குறை சொல்வேன். ஆயிரம் சொல்வேன். அதை நான்தான் சொல்ல வேண்டும், எனக்குத் தெரிந்த அளவோடு சொல்ல வேண்டும்.

அந்த மேடையில் என்னைப் பற்றி இன்னொரு வார்த்தை பேசாதே. நல்லதாகக்கூடப் பேசாதே.

அனீஸா


மல்லிப்பட்டினம்
15 செப்டம்பர் 2025

அனீஸா,

பேசவில்லை. ஒரு வாக்கியம் தவிர. அதையும் கடைசியில் சொல்கிறேன், அதற்குள் கடிதத்தைச் சுருட்டாதே.

மண்டபம் நிறைந்திருந்தது. திரையில் உன் முகமும் அந்தப் பாழாய்ப்போன கம்பிக்கதவும். ஜெயபால் சார் பட்டுவேட்டியில் வந்து, "இப்ப நீங்க கேக்கப்போறது உங்க மனச உலுக்கிடும்" என்று சொல்லி மைக்கை என்னிடம் கொடுத்தார். கையில் அதே டைப் செய்த காகிதம். அதை மடித்துவிட்டுச் சொன்னேன்: "என் இணை இன்றைக்கு வரவில்லை. இல்லாதவரை அறிமுகம் செய்வது சரியில்லை. அதனால் இங்கே இருக்கும் ஒருவரை அறிமுகம் செய்கிறேன். நம் ஜெயபால் சார்."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. முன்னால் வந்து கைகட்டி நின்றார். நாம் திட்டத்தில் சேர்ந்த முதல்நாள் டீ குடிக்கும்போது தன்னைப் பற்றி அவரே நம்மிடம் சொன்னாரே, நினைவிருக்கிறதா? அதைத்தான் எடுத்துக்கொண்டேன். ஒன்றும் சேர்க்கவில்லை. குரலை மட்டும் அவர் சொல்லிக்கொடுத்த மாதிரி நடுங்கவிட்டேன்.

"குத்தாலம் பக்கம், வரைபடத்தில்கூடத் தேட வேண்டிய ஒரு சின்ன ஊர். சுற்றிலும் சேறு. அந்தச் சேற்றிலிருந்து எழுந்து வந்தவர்தான் ஜெயபால். காலையில் இவர் பசிக்கு வீட்டில் கிடைத்தது வெறும் பழைய சோறு..."

"ஏம்மா, அது எனக்குப் பிடிக்கும்னு சாப்பிட்டதும்மா!" என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

"பள்ளிக்கூடம் போகக் காலில் செருப்பில்லை. வரப்பு வழியாக வெறுங்காலோடு..."

"வரப்புல யாரும்மா செருப்புப் போட்டு நடப்பா? வழுக்கிடும்!"

"மண்ணையே நம்பிப் பிழைத்த ஓர் எளிய விவசாயியின் மகன்..."

"எங்கப்பா மிராசுதாரும்மா!" என்று கத்தியேவிட்டார். மண்டபமே இடிந்துவிழுகிற மாதிரி சிரிப்பு. அவருக்கு முகம் சிவந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "என்ன பேசுற நீ? என்னய என்ன அநாதைப் பய மாதிரி ஆக்குற?"

"நான் சொன்னதில் எது சார் பொய்?" என்றேன்.

"பொய்யில்ல. ஆனா நீ சொல்ற விதம் தப்பு. அது நான் இல்ல."

"அனீஸாவும் இதைத்தான் சார் சொன்னா."

சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதுதான் நீ போட்ட தடையை மீறினேன். எங்கே சொன்னேனோ அங்கேயே போய்ச் சொல் என்று உம்மா சொல்லியிருக்கிறாரே, அதையும் மீற முடியாதல்லவா? "அனீஸா எந்தச் சிறையிலிருந்தும் தப்பித்து வரவில்லை, அவளைக் கேட்காமல் நான் சொன்னது தப்பு" என்று சொல்லி, திரையைக் காட்டி அதை அணைக்கச் சொன்னேன். மற்றதை அவள் வந்து சொல்வாள் என்று மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன்.

நம் தோழமையை நடத்தும் அறக்கட்டளையின் தலைவர் வானதி மேடம் முன்வரிசையில் இருந்தார். உன் ஊர்ப் பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். ஜெயபால் சார் வாசலில் வந்து, "உன் இடமும் நிலைக்கும்னு நெனைக்காத" என்றார். பயமாகத்தான் இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கவிப்ரியா


அதிராம்பட்டினம்
24 செப்டம்பர் 2025

அன்புள்ள கவிப்ரியா,

கை தானாக எழுதிவிட்டது, அடிக்கப்போவதில்லை.

வானதி மேடம் உம்மாவுக்கே போன் செய்தார். உம்மா அவரையும் விடவில்லை, சிறையை வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்! வீடியோவை எடுத்துவிட்டார்கள். இனிமேல் ஓர் அறிமுகத்தை அந்த ஆளுக்கே வாசித்துக் காட்டாமல் மேடையில் சொல்லக் கூடாது என்றும் விதி செய்திருக்கிறார்களாம். உன் இடத்துக்கு ஒன்றும் ஆகாது, கேட்டுவிட்டேன். ஜெயபால் சார் வேலையில்தான் இருக்கிறார், வாட்ஸப் குழுவில் யாரோ பழைய சோறு படம் போட்டதிலிருந்து பேசுவதில்லையாம்.

நீ பேசியதை யாரோ போனில் எடுத்திருக்கிறார்கள். அது ஷார்ஜாவுக்குப் போய்விட்டது. வாப்பா கடையில் எல்லாரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினாராம். "மிராசுதாரும்மா" என்று அவர் சொல்லிக்காட்டிச் சிரித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. "அந்தப் புள்ள கடல்ல போறவுக வீட்டுப் புள்ளயா? சலாம் சொன்னேன்னு சொல்லு. நீ தஞ்சாவூர் கெளம்பு" என்றார். பிறகு, "ஆனா வீட்டு வேல நிக்காது" என்றும் சொன்னார். அந்தச் சண்டையை என் ஆய்வு முடிந்ததும் வைத்துக்கொள்கிறேன்.

உனக்கு நான் ஓர் அறிமுகம் பாக்கி வைத்திருக்கிறேன். எழுதியிருக்கிறேன். அக்டோபரில் வாசிக்க வேண்டும். விதிப்படி முதலில் உனக்கு.

"இவர் கவிப்ரியா. மல்லிப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். அப்பா செல்லத்துரை சொந்தப் படகில் நண்டுவலை போடுகிறவர். அம்மா ஜெயா துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். அவர் மூன்றாவது தடவை விலை சொல்லிவிட்டால் பிறகு எந்த வியாபாரியும் வாய் திறக்க முடியாது. வலையில் ஏறிய சினை நண்டைக் கடலிலேயே விட்டுவிட்டால் அடுத்த வருடம் எத்தனை நண்டு கூடும் என்பது கவிப்ரியாவின் ஆய்வு. இதற்காக அவர் முதலில் சண்டை பிடிப்பது சொந்த அப்பாவோடு. அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கவிப்ரியா விடுவதாகவும் இல்லை."

எதை எடுக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று எழுது. உன் அம்மாவிடமும் கேள்.

அனீஸா


மல்லிப்பட்டினம்
29 செப்டம்பர் 2025

அனீஸா,

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். அவள் பெயர் வந்ததும் கழுவுவதை நிறுத்தினாள். மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

ஒரே ஒரு திருத்தம் சொல்கிறாள். "மூணாவது தடவையா? நான் ரெண்டாவது தடவையிலயே முடிச்சிருவேன். அத மாத்தி எழுதச் சொல்லு அந்தப் புள்ளய." அப்பாவுக்கும் ஒரு திருத்தம் உண்டு, அதை நான் அனுப்பப் போவதில்லை, அது நண்டு சம்பந்தப்பட்டது.

பிறகு அம்மா கைதட்டினாள். அன்றைக்கு மூன்றாம் வரிசையில் தூக்கி வைத்திருந்தாளே, அதே இரண்டு கையால், செதில் ஒட்டின கையோடு. என் முகமெல்லாம் மீன்தண்ணீர் தெறித்தது. நான் துடைக்கவில்லை.

உன்னைப் பற்றிய என் அறிமுகமும் தயார். ஒரு வரிதான். "இவள் அனீஸா, மீதியை அவளே சொல்வாள்." மைக்கை உன் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். விதிக்குப் புறம்பு என்றால் ஜெயபால் சார் வந்து என்னிடம் சொல்லட்டும்.

திருத்தம் இருந்தால் உடனே சொல். தபாலுக்கெல்லாம் காத்திருக்க முடியாது, முதலில் அந்த பிளாக்கை எடு.

கவிப்ரியா